அழைக்கும் கல்விக்கு ஓர் ஆய்வுச் சஞ்சிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களுமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து, பிள்ளையை மனதார வரவேற்கும் கல்வியை ஆராய்வதற்கென்று தமிழில் ஓர் ஆய்வுச் சஞ்சிகையைத் தொடங்குகிறோம். செய்தி வெளியே தெரிந்த நாளிலிருந்து வலயக் கூட்டங்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் சொன்ன பதில்களையும், அந்த நேரத்தில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து யோசித்து வைத்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். சஞ்சிகையின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் தயவுசெய்து இப்போது கேட்க வேண்டாம்.

இந்தச் சஞ்சிகை எதை ஆராயப் போகிறது?

ஒரு பாடசாலை தன்னிடம் வரும் பிள்ளையை எப்படி எதிர்கொள்கிறது என்பதை ஆராயப் போகிறது. பாடத்திட்டத்தைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் நம்மிடம் ஓரளவு எழுத்து உண்டு. ஆனால் காலை 7.30க்குப் படலை பூட்டப்பட்டபின் வெளியே நிற்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளை வாழ்த்துப் பதாகையில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துத் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருகிறது, மகனைப் பற்றிப் பேச வரச்சொல்லப்பட்ட தாய் அலுவலகத்தில் கதிரை கொடுக்கப்படாமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனதால்தான் அடுத்த கூட்டத்துக்கு வராமல் விட்டாரா என்பவை பேச்சில் அடிபடுகின்றனவே தவிர எழுத்தில் வருவதில்லை. அவற்றை எழுத்துக்குக் கொண்டுவருவதும், எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதுமே எங்கள் நோக்கம்.

“அழைக்கும் கல்வி” என்பது ஒரு கோட்பாடா, நல்லெண்ணமா?

கோட்பாடுதான். அமெரிக்கக் கல்வி உளவியலாளரான வில்லியம் பேர்க்கி, 1978இல் வெளிவந்த தமது நூலில் கற்பித்தலை ஓர் அழைப்பாகப் பார்க்கும் சிந்தனையை முன்வைத்தார். பின்னர் பெற்றி சீகலும் கனடாவைச் சேர்ந்த ஜோன் நோவாக்கும் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தனர். 1982இல் இதற்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும், 1992இல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுச் சஞ்சிகையும் தோன்றின.

மனிதர் தாம் காணும் உலகத்துக்கு ஏற்பவே நடந்துகொள்கிறார் என்னும் புலக்காட்சி உளவியலும், ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணக்கருவே அவரது கற்றலைத் திறக்கவோ மூடவோ செய்கிறது என்னும் கருத்தும், ஒருவரைப் பாதிக்கும் முடிவில் அவருக்கும் குரல் வேண்டும் என்னும் சனநாயக நோக்கும் இதன் அடித்தளங்கள். மனிதர், இடம், கொள்கை, நிகழ்ச்சித்திட்டம், செயன்முறை ஆகிய ஐந்தும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கின்றன என்றும், அந்தப் பேச்சு ஒன்றில் அழைக்கிறது அல்லது விலக்குகிறது என்றும் இக்கோட்பாடு சொல்கிறது. நட்சத்திர மீன் மட்டியைத் திறக்கும் விதத்தைப் பேர்க்கி உவமையாகச் சொல்வார். ஒரு கை களைத்தால் மற்றைய கைகள் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். இந்த ஐந்தும் அந்தக் கைகளைப் போன்றவை.

எங்களைப் பொறுத்தவரை இதன் மிகப் பயனுள்ள பகுதி நான்கு நிலைகள்தான். வேண்டுமென்றே விலக்குதல், தெரியாமல் விலக்குதல், தெரியாமல் அழைத்தல், தெரிந்தே அழைத்தல் என்று அவற்றைத் தமிழ்ப்படுத்தியிருக்கிறோம். முதலாவது நிலையில் இருக்கும் ஆசிரியர்கள் மிகச் சிலர். இரண்டாவதில் நாம் எல்லோரும் எப்போதாவது இருந்திருக்கிறோம். கணக்குப் பிழைத்த பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே “உன்ட அண்ணனும் இப்பிடித்தான்” என்று சொல்லும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அண்ணனை நினைவு வைத்திருப்பதை அவர் அன்பு என்றுகூட நினைக்கலாம். பிள்ளையோ, தனக்கு முன்பே தன் புள்ளி எழுதி வைக்கப்பட்டுவிட்டது என்று கேட்கிறது. ஆராய்வதற்கு ஏராளம் கிடப்பது இந்த இரண்டாவது நிலையில்தான்.

“வரவேற்புக் கல்வி” என்று சொல்லாமல் “அழைக்கும் கல்வி” என்று ஏன் சொல்கிறீர்கள்?

வரவேற்பது வந்தவரை. அழைப்பது இன்னும் வராதவரை. நம் ஊரில் கலியாணத்துக்கு அட்டை அனுப்பினால் மட்டும் போதாது. வீடு தேடிப் போய், வெற்றிலை வைத்து, இருந்து பேசி அழைத்தால்தான் அது அழைப்பு. அப்படி அழைக்கப்படாதவர் கலியாணத்துக்கு வராமல் விட்டால் ஊர் அவரைக் குறை சொல்லாது, வீட்டுக்காரரைத்தான் சொல்லும். பாடசாலைக்கு வராத பிள்ளையின் பக்கம் திரும்புவதற்கு முன் அழைத்தவரின் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. “அழைப்புக் கல்வி” என்றும் யோசித்தோம். தொலைபேசி நிறுவனத்தின் திட்டம் போல ஒலித்ததால் விட்டுவிட்டோம்.

பிள்ளைநேயப் பாடசாலை, உட்படுத்தல் கல்வி என்று ஏற்கெனவே பல வந்துவிட்டன. இன்னொன்று எதற்கு?

நியாயமான சலிப்புத்தான். அவற்றோடு எங்களுக்குப் போட்டி இல்லை. 1994ஆம் ஆண்டின் சலமன்கா பிரகடனத்துக்குப் பின் வலுப்பெற்ற உட்படுத்தல் கல்வி, விசேட தேவையுள்ள பிள்ளை உட்பட எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் படிக்கும் உரிமையைப் பற்றியது. பிள்ளைநேயப் பாடசாலை என்பது யுனிசெப் நிறுவனத்தின் ஆதரவோடு பல நாடுகளில் பரவிய சட்டகம். அதற்குக் குறிகாட்டிகளும் படிவங்களும் உண்டு. அழைக்கும் கல்வி, அந்தப் படிவத்தை நிரப்புகிறவரின் குரலையும் முகத்தையும்கூடக் கேள்விக்கு உட்படுத்துகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டிவிட்டு அதன் அடியில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருக்கும் பாடசாலை கொள்கையில் அழைக்கிறது, இடத்தில் விலக்குகிறது. இந்த முரணைப் பற்றி எழுதும் கட்டுரை எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

கண்டிப்பு இல்லாமல் வகுப்பு நடத்த முடியுமா? நீங்கள் பிள்ளைகளைக் கெடுக்கப் போகிறீர்கள் என்று சொல்கிறார்களே?

பிரம்பைப் பற்றிய கேள்வி என்றால், அது எங்களிடம் கேட்க வேண்டியதல்ல. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒழுங்கைப் பற்றிய கேள்வி என்றால், இந்தக் கோட்பாடு ஒழுங்கை வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. மரியாதை, நம்பிக்கை, அக்கறை, நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, இவற்றையெல்லாம் தெரிந்தே செய்யும் மனத்திண்மை ஆகியவற்றின் மேல் ஒழுங்கைக் கட்டச் சொல்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குப் பாதையில் வாவி கடந்து வந்தவர்களுக்கு, பாதை ஒருமுறை தவறினால் அடுத்த முறைக்கு எவ்வளவு நேரம் துறையில் நிற்க வேண்டும் என்பது தெரியும். (வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: இங்கே ‘பாதை’ என்பது தெருவை அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைக் குறிக்கும்.) 7.30க்குப் படலையைப் பூட்டும் விதிக்குப் பாதையைத் தெரியாது. விதியை நீக்கு என்று அழைக்கும் கல்வி சொல்லவில்லை. விதியை எழுதியபோது அந்தத் துறையில் நிற்கும் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்கிறது.

ஆங்கிலத்தில் சஞ்சிகை இருக்கும்போது தமிழில் எதற்கு? அதுவும் கொழும்பிலிருந்து அல்லாமல் இங்கிருந்து?

1952இல் தனிநாயகம் அடிகள் தொடங்கிய தமிழாய்வுச் சஞ்சிகை ஆங்கிலத்திலேயே வந்தது. தமிழைத் தமிழர் அல்லாதவருக்குச் சொல்வது அதன் வேலை, அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. எங்கள் வேலை வேறு. நாங்கள் ஆராயும் விடயம் தமிழில்தான் நடக்கிறது. “வா மகன், இரி” என்று ஓர் அதிபர் சொல்வதற்கும் “என்ன, இப்பதான் விடிஞ்சதோ” என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஆங்கிலத்தில் எழுதப் புறப்பட்டால் பாதிக் கட்டுரை அடிக்குறிப்பில் போய்விடும். அதைவிட முக்கியமாக, கட்டுரையால் பயன்பெற வேண்டிய ஆசிரியர் அதை வாசிக்கவும் மறுக்கவும் முடிய வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கேட்டால், இங்கே இருப்பதால் இங்கிருந்து என்பதே உண்மையான பதில். ஆனாலும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசியக் கல்வியியற் கல்லூரிகளும் இருக்கும் கரையோரம் இது. போரையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட பாடசாலைகள் இங்கே உண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அடுத்தடுத்த ஊர்களில் தனித்தனிப் பாடசாலைகளுக்குப் போவதும் இங்கேதான். வரவேற்பைப் பற்றி ஆராய்வதற்கு இதைவிட நெருக்கமான களம் எங்களுக்குக் கிடைக்காது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளையும் நினைத்துக்கொள்கிறோம். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவரே, ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘பிரபுத்த பாரத’ ஆகிய சஞ்சிகைகளின் ஆசிரியராகவும் இருந்தார். பாடசாலை நடத்துவதும் சஞ்சிகை நடத்துவதும் ஒருவரே செய்யக்கூடிய வேலைகள் என்பதற்கு இந்த மண்ணில் முன்னுதாரணம் இருக்கிறது. அவரளவுக்கு நடத்துவோம் என்று சொல்லவில்லை.

யார் எழுதலாம்? எவ்வகைக் கட்டுரைகளை ஏற்பீர்கள்?

ஆசிரியர், அதிபர், ஆசிரிய ஆலோசகர், கல்வியியற் கல்லூரி மாணவர், பல்கலைக்கழக ஆய்வாளர், முன்பள்ளி ஆசிரியர் எவரும் எழுதலாம். பட்டம் கேட்க மாட்டோம். 3,000 முதல் 6,000 சொற்கள் வரையான ஆய்வுக் கட்டுரைகளையும், 1,500 சொற்களுக்கு மேற்படாத வகுப்பறைக் குறிப்புகளையும் ஏற்போம். முழுக் கட்டுரை தமிழில் இருக்க வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் வெளியிடுவோம். எழுத்தாளருக்கு அம்மொழிகளில் எழுத வராவிட்டால் அது எங்கள் பொறுப்பு. அம்பாறை மாவட்டத்தில் ஒரே கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் சிங்களமொழி ஆசிரியருக்கு, நாம் என்ன எழுதுகிறோம் என்பது தெரியாமல் இருப்பது நல்லதல்ல.

நான் இருபது வருடம் கற்பித்தவன். எனது அனுபவம் ஆய்வாகுமா?

அனுபவம் அப்படியே ஆய்வாகாது. ஆனால் ஆய்வுக்கு வேண்டிய மூலப்பொருள் பெரும்பாலும் உங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது. வரவு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், தவணைப் புள்ளிப் பட்டியல், பெற்றோர் கூட்டக் கையொப்பங்கள் எல்லாம் தரவுகள்தான். அவற்றிடம் யாரும் கேள்வி கேட்காததால் அவை கடதாசிகளாகக் கிடக்கின்றன.

ஒரு கற்பனை வரைவை எடுத்துக்கொள்வோம். “எமது பாடசாலையில் பின்தங்கிய மாணவர்களின் ஆர்வம் குறைவாக உள்ளது. அன்பாகப் பேசியதன் பின்னர் முன்னேற்றம் ஏற்பட்டது” என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைத் திருப்பி அனுப்ப மாட்டோம். ஓரத்தில் கேள்விகளை எழுதுவோம். பின்தங்கியது எதிலிருந்து? ஆர்வம் குறைவு என்பதை எதில் கண்டீர்கள், வரவிலா, கொப்பியிலா, பின்வாங்கில் இருந்ததிலா? அன்பாகப் பேசினேன் என்றால், அன்று காலையில் என்ன சொன்னீர்கள்?

அந்த ஆசிரியர் இடாப்பைத் திறந்து எண்ணத் தொடங்குகிறார். ‘ஆர்வம் இல்லாதவர்கள்’ என்று தாம் எழுதிய ஒன்பது பேரில் ஐந்து பேர் வேளாண்மை வெட்டுக் காலத்தில்தான் தொடர்ந்து வராமல் விட்டிருக்கிறார்கள் என்று காண்கிறார். அந்த ஐவரும் திரும்பி வந்த நாளில் வகுப்பில் அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறார். “வாங்க ஐயா, வழி தெரிஞ்சதா” என்று தாமே பகிடியாகச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அடுத்த போகத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மாற்றி, தவறிய பாடங்களை எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்து, மீண்டும் வரவை எண்ணுகிறார். வரவு கூடினாலும் சரி, கூடாவிட்டாலும் சரி, இப்போது அவரிடம் ஒரு செயல்நிலை ஆய்வு இருக்கிறது. கூடாவிட்டால் அதை ஒளிக்காமல் எழுதும்படி கேட்போம். எல்லாக் கட்டுரையும் வெற்றியில் முடியும் சஞ்சிகையை எந்த ஆசிரியரும் நம்ப மாட்டார்.

மதிப்பாய்வு எப்படி நடக்கும்? எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இரகசியம் எப்படி?

எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத இருபக்க மறைப்பு முறையைப் பின்பற்றுவோம். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் வாசிப்பார்கள். ஆனால் கேள்வியில் இருக்கும் குத்தல் சரியானது. தமிழில் கல்வியியல் எழுதுகிறவர்கள் பெரிய கூட்டம் அல்ல. இரண்டு பந்தி வாசித்தவுடன் இன்னாருடைய கை என்று சொல்லிவிடக்கூடியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். எனவே இருவரில் ஒருவராவது கிழக்கு மாகாணத்துக்கு வெளியே இருப்பவராக இருப்பார். எழுதியவரை ஊகித்துவிட்டவர் அதைப் பதிப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டும். உறவினர், முன்னாள் மேற்பார்வையாளர், ஒரே பாடசாலையினர் என்றால் விலகிவிட வேண்டும்.

மதிப்பாய்வு எழுதுகிறவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதிகள் இரண்டே. கட்டுரையாளர் என்ன சொல்ல முயல்கிறார் என்பதை முதற் பந்தியில் அவரே ஒப்புக்கொள்ளும் விதமாக எழுத வேண்டும். எழுதியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் தாளில் எழுதக் கூடாது. குறை சொல்வதை இவை தடுக்கவில்லை. அழைப்பைப் பற்றிப் பேசும் சஞ்சிகை தன் எழுத்தாளரைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்தால், அதில் அச்சாகும் எந்தக் கட்டுரைக்கும் மதிப்பில்லை.

கட்டுரையை நிராகரிப்பீர்களா?

நிராகரிப்போம். நிராகரிக்காத ஆய்வுச் சஞ்சிகை, கலியாண மலராகிவிடும். ஆனால் விதம் ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இந்தப் பதில்களை எழுதும் நான் ஒரு சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். பதினான்கு மாதங்கள் கழிந்து “பொருத்தமற்றது” என்ற ஒரே ஒரு சொல் வந்தது. எதற்குப் பொருத்தமற்றது என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு நான்கு வருடம் எதையும் எழுதவில்லை. ஆகவே, கட்டுரை கிடைத்ததை ஏழு நாளுக்குள் அறிவிப்போம். எங்கள் பொருளுக்குப் புறம்பானது என்றால் மூன்று வாரத்துக்குள் சொல்லி, முடிந்தால் வேறு எங்கு அனுப்பலாம் என்றும் சொல்வோம். மதிப்பாய்வு முடிவு பத்து வாரத்துக்குள் வரும். நிராகரிப்புக் கடிதத்தில் கட்டுரையில் எது நன்றாக இருந்தது என்பதும், எது போதவில்லை என்பதும் பக்க எண்ணோடு இருக்கும்.

பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதலாமா?

பிள்ளைகளின் பெயரை ஒருபோதும் எழுதக் கூடாது. பாடசாலையின் பெயரையும் தவிர்க்கச் சொல்கிறோம், அதுகூடப் போதாது என்பதே சிக்கல். “வாவியோரத்திலுள்ள, 83 பிள்ளைகள் படிக்கும், அண்மையில் புதிய அதிபர் பொறுப்பேற்ற வகை 3 பாடசாலை” என்று எழுதினால், பெயர் எழுதாமலே வலயம் முழுவதற்கும் விளங்கிவிடும். தேவையற்ற அடையாளங்களைக் குறைத்து, தேவையானவற்றைப் பொதுப்படையாக எழுத வேண்டும். பிள்ளைகளிடமிருந்து தரவு திரட்டுவதற்கு அதிபரின் எழுத்து அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் பெற்றோர் சம்மதித்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு பிள்ளையின் அவமானத்தை விவரித்து நல்ல கட்டுரை எழுதிவிட்டு, அந்தப் பிள்ளை ஊரில் இரண்டாம் முறை அவமானப்படுவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பலாமா?

அனுப்பலாம், நாங்கள் மாற்றிக்கொள்வோம். எனினும் யுனிகோட் எழுத்துருவில் அனுப்பினால் பேருதவி. காரணம் இதுதான்: பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் குப்பையாகத் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, தேடுபொறியில் யாராவது தமிழில் தேடினால் உங்கள் கட்டுரை அகப்படாது. இங்கே பல வருடங்களாக எழுதப்பட்ட எத்தனையோ நல்ல ஒப்படைகள் இப்படித்தான் யாருக்கும் கிடைக்காமல் இறுவட்டுகளில் கிடக்கின்றன. மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறுவது உண்டு. வெளியிடுமுன் மெய்ப்பை உங்களுக்கு அனுப்புவோம், பொறுமையாகப் பாருங்கள்.

கட்டணம் உண்டா?

இல்லை. எழுதுபவரிடமும் வாங்க மாட்டோம், வாசிப்பவரிடமும் வாங்க மாட்டோம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் அழைப்புகள் வேறு வகை, அவற்றிலிருந்து தள்ளியிருங்கள். எங்கள் செலவு முக்கியமாக இணைய இடத்துக்கும் சிறிதளவு அச்சுக்கும்தான். அதை இப்போதைக்கு நாங்களே பங்கிட்டுக்கொள்கிறோம். சஞ்சிகையை நடத்தும் மென்பொருளான ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ் இலவசமானது.

ஐ.எஸ்.எஸ்.என். எண் கிடைத்துவிட்டதா? அது இருந்தால் தரமான சஞ்சிகை என்று அர்த்தமா?

ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஒரு சஞ்சிகையை அடையாளம் காட்டும் சர்வதேச எண். இலங்கையில் அந்த எண்ணை வழங்குவது தேசிய விஞ்ஞான மன்றம். அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். எட்டு இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னுள்ள ஏழிலிருந்து கணித்தெடுக்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். கணக்கில் அது பத்தாக வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து வரும். முதல் இதழின் வடிவம் முடிவானதும் விண்ணப்பிப்போம்.

ஆனால் அந்த எண் ஒரு முகவரி மட்டும். வீட்டுக்கு இலக்கம் இருப்பதால் வீடு நல்ல வீடு ஆகிவிடாது. தரத்தை ஓரளவு காட்டுவது, யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் சர்வதேச விபரக்கொத்து போன்ற பட்டியல்களில் இடம்பெறுவதுதான். 2003இல் தொடங்கப்பட்ட அந்த விபரக்கொத்து, பதிப்புக் குழுவினரும் மதிப்பாய்வாளரும் எழுதிய கட்டுரைகள் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கேட்கிறது. நாங்கள் அதைவிடக் கடுமையாக, ஓர் இதழில் எங்களுடைய கட்டுரை ஒன்றுக்கு மேல் வராது என்று முடிவு செய்திருக்கிறோம். நாமே எழுதி நாமே மெச்சிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால் இந்த முடிவு.

பதவி உயர்வுக்கு இது உதவுமா?

புதிய சஞ்சிகையின் முதல் இதழுக்கு யாரும் அதிகப் புள்ளி கொடுக்க மாட்டார்கள் என்று எதிர்பாருங்கள். அவசரமாகப் புள்ளி தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் வேறிடம் அனுப்பலாம், வருத்தப்பட மாட்டோம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

எழுத்துப்பிழை திருத்தவோ ஆங்கிலச் சுருக்கத்தைச் செப்பனிடவோ பயன்படுத்தினால் அதைக் கட்டுரையின் இறுதியில் குறிப்பிடுங்கள். தரவையோ மேற்கோளையோ அதனிடம் வாங்கக் கூடாது. மதிப்பாய்வாளர்கள் பிறர் கட்டுரையை அதற்குள் இடவே கூடாது.

அச்சுப் பிரதி வருமா?

வரும், குறைந்த எண்ணிக்கையில். பல்கலைக்கழக, கல்வியியற் கல்லூரி நூலகங்களுக்கும், சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காத பாடசாலைகளுக்கும் முதலில் கொடுப்போம். ஆண்டுக்கு இரண்டு இதழ்கள் என்பது திட்டம். தமிழ்ச் சஞ்சிகைகள் நின்றுபோவது வழமை. நின்ற பின்னும் கட்டுரைகள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதால், ஈழத்து எழுத்துகளை 2005 முதல் எண்ணிமப்படுத்திச் சேமித்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் ஒவ்வோர் இதழையும் சேர்க்க விரும்புகிறோம்.

அழைக்கும் கல்வியை விமர்சித்து எழுதினால் வெளியிடுவீர்களா?

அதற்காகவே காத்திருக்கிறோம். எங்களுக்கே கேள்விகள் உண்டு. ஓர் அழைப்பு அழைப்புத்தானா என்பதை முடிவு செய்பவர் யார், அழைப்பவரா, அழைக்கப்படுபவரா? பாடசாலையின் வரவேற்பை அளக்கும் வினாக்கொத்துகள் ஆங்கிலத்தில் உண்டு. ஆசிரியர் வகுப்பறைக்குள் வரும்போது எழுந்து நிற்பது மரியாதை என்று வளர்ந்த பிள்ளையிடம், “உனது ஆசிரியர் உன்னை மதிக்கிறாரா” என்ற கேள்வியைத் தமிழாக்கிக் கொடுத்தால், “ஓம்” என்று வரும் பதில் எதை அளக்கிறது? சம்பளம் போதாமல் பின்னேரங்களில் தனியார் வகுப்புக்கு ஓடும் ஆசிரியரிடம் இன்னும் கொஞ்சம் புன்னகை செய்யுங்கள் என்று சொல்வது, அரசின் கடமையை ஆசிரியரின் முகத்தில் ஏற்றிவிடுவது ஆகாதா? கதிரையே இல்லாத அலுவலகத்தில் தாய்க்கு எந்தக் கதிரையைக் கொடுப்பது? இவற்றுக்கு எங்களிடம் ஆயத்தப் பதில் இல்லை. கோட்பாட்டை ஏற்பவரின் கட்டுரைக்கும் மறுப்பவரின் கட்டுரைக்கும் ஒரே மதிப்பாய்வு, ஒரே காலக்கெடு.

எனக்குக் கணினி இல்லை. கையால் எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம். ஒரு பக்கத்தில் மட்டும், வரிவிட்டு வரி எழுதுங்கள். தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அட்டவணைகளை அடிமட்டம் வைத்துக் கோடிட்டால் போதும். பக்கங்களுக்கு இலக்கமிட்டு, பெயரைத் தனித் தாளில் எழுதி மேலே வையுங்கள். மதிப்பாய்வுக்கு அனுப்பும்போது அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடுவோம். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாரி காலத்தில் தபாலில் போடுவதானால் பொலித்தீன் உறையில் சுற்றி அனுப்புங்கள்.